நான்கு தேசிக்காயும் ஒரு வீடியோவும்

புதுக் கார் வாங்கினால் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்காமல் எங்கள் வீட்டில் ஒருவரும் அதில் ஏறிப் பயணம் போவதில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு முற்றத்தில் கார் வந்து நின்ற அன்று, நல்ல நேரம் மத்தியானம் இரண்டு மணியோடு முடிந்தது. என் கணவரோ அதற்குள் நண்பர்களோடு ஒரு போத்தலை முடித்திருந்தார். எனக்கு ஓட்டத் தெரியாது. வந்தவர்களில் குடிக்காத ஆளும் இல்லை.

"ரெண்டடிதானே, வளவுக்குள்ளதானே" என்று அவரே ஏறினார். நானும் மறிக்கவில்லை. கனடாவிலுள்ள அக்காவுக்கு அனுப்ப வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன்.

கார் வீட்டை நோக்கி உருண்டதை ஜன்னலால் கண்ட அயலவர், குடிவெறியில் வீதியால் ஓட்டி வந்திருக்கிறார் என்று நினைத்துப் பொலிஸுக்குப் போன் அடித்துவிட்டார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். பிழை என்னுடையது. வாசலில் சீருடையைக் கண்டதும் போனைத் திறந்தேன். ஊரில் ஆமி சோதனைக்கு வருகிறது என்றால் படம், கடிதம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுப் பழகிய கை இது. என் போனிலிருந்த வீடியோவை, அக்காவுக்கு அனுப்பியிருந்ததையும் சேர்த்து அழித்தேன். நசுங்கிய தேசிக்காயைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். அவரை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வீதியில் ஓட்டினால்தான் குற்றம், சொந்த வளவுக்குள் என்றால் இல்லை என்று வழக்கறிஞர் சொன்னபோதுதான் எதை அழித்தேன் என்று எனக்கு விளங்கியது. வீடியோ சரியாகப் பதியவில்லை என்று வழக்கறிஞருக்கும் கணவருக்கும் பொய் சொன்னேன். தேசிக்காய்க் கதையையும் குடித்திருந்த நண்பர்களின் சாட்சியையும் நீதிமன்றம் நம்பவில்லை. முன்பும் ஒருமுறை குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர் என்பதால் சிறை. அந்த முதல் தடவைக்கு நானே அவரை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் செய்யாததற்கு உள்ளே இருப்பது வேறு.

அப்பீல் போட்டோம். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. சிறையில் பார்க்கப் போனபோது மேசைக்கு எதிரே இருந்து உண்மையைச் சொல்லி அழுதேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன்.

"நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்" என்றார். பிறகு, "அக்காவுக்குச் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று கதை அளந்து வைத்திருந்தேன். வெட்கம். அன்று பின்னேரமே வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

அக்கா முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு, "அந்தத் தேசிக்காய் வீடியோவோ? வந்த உடனேயே சேமிச்சிட்டன். நீ ஏன் அழிச்சனீ எண்டு யோசிச்சனான்" என்றாள். அதை உடனே வழக்கறிஞருக்கு அனுப்பச் சொன்னேன்.

அப்பீல் நாளன்று அதைப் பெரிய திரையில் போட்டார்கள். முற்றத்தில் நிற்கும் கார், சில்லுக்கொன்றாகத் தேசிக்காய், இரண்டடி உருளல். "காணும், நிப்பாட்டுங்கோ!" என்று என் குரல். கார் நின்றது. நீதிபதி அதைத் திருப்பிப் போடச் சொல்லி இன்னொரு தரம் பார்த்தார். மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பை ரத்துச் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காரைப் பூட்டி, இனிக் குடித்தால் தரவேண்டாம் என்று திறப்பை என் கையில் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் அக்காவிடம் அந்த வீடியோவைத் திரும்ப அனுப்பச் சொல்லி என் போனில் சேமித்தேன். இந்தக் கை இனி ஒன்றையும் அழிக்காது.