நாலெழுத்தும் ஒரு காதும்

எங்கள் போதகரை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பைப் பற்றி அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்தார். அதற்கும் சேர்த்துத்தான் மன்னிக்கவில்லை.

அப்பாவுக்கு அந்தமானில் லாங் ஐலண்ட் மரமில்லில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறப் பத்து நாள் இருக்கும்போது, என் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு வயது. நான் அப்போது பிறக்கவில்லை. கல்லறையை விட்டுவிட்டுக் கடல் தாண்ட அம்மாவுக்கு மனம் வரவில்லை. பச்சை குத்துகிற ஒருத்தியைத் தேடிப்பிடித்து, இடது முன்கையில் அவன் பெயரைக் குத்திக்கொண்டாள். நாலே எழுத்து. படிக்கத் தெரியாத அம்மாவுக்கு உலகத்தில் தெரிந்த எழுத்து அந்த நாலுதான்.

மில் குடியிருப்பில் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் சபை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது புதிதாக வந்த போதகர், திருவிருந்துக்குக் கை நீட்டிய அம்மாவைப் பார்த்து அப்பத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். செத்தவர்களுக்காக உடம்பில் எழுத்துக் குத்தக்கூடாது என்று வேதத்தில், லேவியராகமத்தில் இருக்கிறதாம். "அழிச்சிட்டு வாங்க, சிஸ்டர்" என்றார். அத்தனை பேர் முன்னால்.

அம்மா ஆறு மாதம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிறகு ஒருநாள், யாரோ சொன்னதைக் கேட்டு, முந்திரிக்கொட்டைப் பாலைத் தடவிப் பச்சையை எரித்தாள். கை வீங்கிச் சீழ் வைத்தது. மூன்று எழுத்து போயிற்று, கடைசி எழுத்து மட்டும் பாதி உருவில் நின்றது. அடுத்த திருவிருந்தில் போதகர் அந்தப் புண் கையில் அப்பத்தை வைத்து, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எனக்கு அவர் விரலைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

காது குத்துவதும் அவருக்கு ஆகாது. வேதத்தில் வருகிற பொன் கன்றுக்குட்டி விக்கிரகத்தைக் காதணியை உருக்கித்தானே செய்தார்கள் என்பார். குடியிருப்பில் தெலுங்கு, வங்காளிக் குழந்தைகளுக்கெல்லாம் அம்மாதான் காது குத்துவாள். அதற்கும் பிரசங்கத்தில் திட்டு விழும். அவளுக்குக் கண் மங்கியதும் ஊசி என் கைக்கு வந்தது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், போதகர் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கொல்லைப்புறமாக வந்தார். அவளுக்குப் பார்த்திருப்பது போர்ட் பிளேரில் சர்க்கார் வேலையில் இருக்கும் பையன். அவர்கள் நகை போடுகிற சபை. மூளிக்காதோடு பெண் வேண்டாம் என்று பையனின் அம்மா சொல்லிவிட்டாளாம். புதன்கிழமை போட்டில் பார்க்க வருகிறார்கள்.

"யாருக்கும் தெரியாம, சுப்சாப்பா முடிச்சிருவோம், பாப்பா" என்றார்.

லேவியராகமம் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. பெண்ணை உட்காரவைத்து, ஊசியைச் சுட்டு, வலது காதைக் குத்தி நூல் கோத்தேன். ஊசியைத் துடைத்து டப்பாவில் போட்டேன்.

"இன்னொரு காது?"

"நாளைக்கு ஆராதனையில எங்க அண்ணன் பேரைச் சொல்லி, எங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் குத்துறேன்."

அவர் முகம் கறுத்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள், எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் அந்தப் பெண் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். போதகர் எழுந்தார். வேதத்தைத் திறந்தார், மூடினார். பிறகு கேட்டும் கேட்காத குரலில் என் அண்ணன் பெயரைச் சொன்னார். அந்தத் தாயின் கையை எரிக்க வைத்தது என் தப்பு, மன்னிக்க வேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். வெட்கமே இல்லாத சந்தோஷம்.

கடைசி வரிசையிலிருந்து அம்மா எழுந்து நின்றாள்.

"எனக்குச் சரியாக் கேக்கல, ஐயா. இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"பேரு விளங்கல. கொஞ்சம் சத்தமா."

கொட்டகைத் தகரம் அதிர, மூன்றாவது முறையும் சொன்னார். அம்மா வடுவின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்தாள். அன்று அப்பம் வாங்க அவள் எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "உனக்குக் காதும் மந்தமாயிடுச்சாம்மா?"

"மொதத் தடவையே கேட்டுச்சு" என்றாள்.