நிக்கிற குறி

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீருக்கு ஒரு துவர்ப்பு வாடை உண்டு. அதில் விரலை நனைத்து வெள்ளையடித்த சுவரில் வைத்தால் பதிகிற செங்காவிக் கறை நாலு மழைக்கும் போகாது. ஐம்பதுகளின் நடுவில், ஆம்பூரில் நான் படித்த பள்ளியில், பையன்கள் எவ்வளவு உயரம் எம்புகிறோம் என்று அளக்க அதுதான் எங்களுக்கு மை. "தோல் ஷாப்பு" என்று நாங்கள் சொல்லும் பதனிடும் இடத்திலிருந்து அதைத் தகர டப்பாவில் கொண்டுவருபவன் என் தோஸ்த் பஷீர். அவன் தகப்பனார் அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்து, கால் வெந்து புண்ணானவர்.

குதிகால் தரையில் படிய, சுவரோரம் நின்று, கையை உயர்த்தி வைப்பது "நிக்கிற குறி". ஓடி வராமல், நின்ற இடத்திலேயே எம்பி வைப்பது "குதிக்கிற குறி". முறையான தேர்வென்றால், நெட்டையனோ குட்டையனோ, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கணக்கு. எல்லாருக்கும் அளவு ஒண்ணா இருந்தாத்தான் அது பரீட்சை, இல்லேன்னா வேடிக்கை என்பார் எங்கள் டிரில் மாஸ்டர்.

அந்த வருஷம், சோறு போட்டுப் படிக்கவும் வைக்கிற வேலூர் விளையாட்டு விடுதி ஒன்றுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒருவனை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் பஷீர் குழிக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. எப்போதும் என்னைவிட நான்கு விரற்கடை கூட எம்புகிறவன் அவன். அது ஒன்றே எனக்குப் பொறுக்கவில்லை.

அதுவரை விளையாட்டுக்கு எம்பிக்கொண்டிருந்தோமே தவிர, நிக்கிற குறியை யாரும் கண்டுகொண்டதில்லை. தேர்வன்று மாஸ்டர் விதிகளைச் சொன்னபோது, தகப்பனாருக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்த பஷீர் இல்லை. மூச்சிரைக்க வந்தவன் என்னிடம் கேட்டான்.

"இன்னாடா சொன்னாரு?"

"ரெண்டு குறியும் யாருக்கு ஜாஸ்தியோ, அவன்தான் வேலூரு."

அவன் அதை நம்பினான். நிக்கிற குறிக்கே குதிகாலைத் தூக்கி, விலா எலும்பு தெரிய எக்கி, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே விரலை வைத்தான். குதிகாலைக் கவனிக்கும் பொறுப்பை மாஸ்டர் என்னிடம்தான் விட்டிருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "சரியா இருக்கு சார்" என்றேன். மர நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. அவன் எக்கிய அளவெல்லாம் அவன் எம்பியதில் குறைந்துபோயிற்று. என் முறை வந்தபோது குதிகாலை மண்ணில் அழுத்தி நின்றேன். இரண்டு விரற்கடையில் ஜெயித்தேன். மாஸ்டர் என் பேரை மட்டும் வாசித்தார், கணக்கைச் சொல்லவில்லை; சுவர் முழுக்கக் கறையாக இருந்ததில் எது யாருடைய குறி என்று பஷீருக்கும் தெரியவில்லை.

விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஆறே வாரத்தில் திரும்பி வந்துவிட்டேன். அதற்குள் பஷீர் குழியில் இறங்கியிருந்தான்.

பல வருஷம் கழித்து ஆம்பூர் ரயிலடியில் அவனைப் பார்த்தேன். தகப்பனாரைப் போலவே கால்களில் துணி சுற்றியிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். "அன்னிக்கு நீ நல்லா எம்பினடா. எனக்குத்தான் கால்ல சத்து கம்மி," என்று சிரித்தான். சொல்லிவிட வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது என்று எழுதினால் பொய். ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அந்தப் பள்ளிச் சுவரை இடித்துவிட்டார்கள். இப்போது மிதித்து எம்பினால் தானே எண் காட்டுகிற விரிப்பு வந்திருக்கிறதாம். குதிகாலைப் பார்க்க ஆள் வேண்டாமாம். பஷீரும் போய்விட்டான், தன் கால்களில்தான் குறை என்று கடைசிவரை நம்பிக்கொண்டு.