பவித்ரனின் நன்றியுரை

எங்கள் வாசகசாலை நோட்டீஸின் அடியில், அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் ‘செயலாளர் சதானந்தன்’ என்று இருக்கும். அது நான்தான். மேலே கொட்டை எழுத்தில் இருப்பவர்களுக்கு நாற்காலி போடுவதும், மைக் கட்டுவதும், பால் விடாத கட்டஞ்சாயா கொடுப்பதும் என் வேலை. பவித்ரனைப் பற்றி எழுத இந்தத் தகுதி போதும்.

பவித்ரன் தென்னையில் கள் இறக்குபவர். காலையும் மாலையும் மரத்தின் மேலே இருப்பார். அங்கிருந்து பார்த்தால் வாய்க்கால் முழுக்கத் தெரியும். இருபது வருஷமாக அப்படியே நீர்நாய்களைப் பார்த்து வந்தார். எது தாய், எது பிடித்த மீனைத் தின்னாமல் விளையாடும், எதற்குப் பல் போய்விட்டது, எல்லாம் சொல்வார். அதனால் சுற்றுவட்டாரத்தில் எங்கே காட்டுயிர்ப் பேச்சு நடந்தாலும் முக்கியப் பேச்சாளர் அவர்தான். ஆனால் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் முறை அப்படி. வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, பிறகு வாழ்த்துரைகள். கட்சிக்கு ஒருவர், சங்கத்துக்கு ஒருவர், எதிலும் சேராதவர்கள் சார்பில் ஒருவர். யாரை விட்டாலும் ஏழு வருஷம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். எல்லாரும் ‘நான் அதிகம் பேசப்போவதில்லை’ என்றுதான் ஆரம்பிப்பார்கள், பாவிகள். கடைசியில் பவித்ரன் எழுந்து ‘நீர்நாய் என்பது’ என்றதும் தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுவார்: சுருக்கவும். நன்றியுரைக்கு நேரம் வேண்டுமே. அதில் வந்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் வரும். தன் பெயர் வரும்வரை, மூத்திரம் முட்டினாலும் எங்கள் ஊரில் ஒருவர் எழுந்திருக்க மாட்டார்.

அந்த வருஷம் வாய்க்கால் கரைத் தாழம்புதருக்குள் ஒரு நீர்நாய் மூன்று குட்டி போட்டிருந்தது. பஞ்சாயத்து அங்கே நடைபாதை போட முடிவு செய்து, புதரை வழிக்க திங்கட்கிழமை மெஷின் வருவதாக இருந்தது. பவித்ரன் கள்ளுக்கடையில் சொன்னார், பஞ்சாயத்து பிரசிடென்ட் பிரேமராஜன் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் ‘நம் உயிரினங்கள்’ பற்றிக் கூட்டம் இருக்கிறதே, அங்கே சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் மைக்கில் சொல்லாதது சொன்ன கணக்கில்லை.

சனிக்கிழமை காலை, இடுப்பில் பாளைக் கத்தியோடு என்னிடம் வந்தார்.

“சதானந்தா, நாளைக்கு எனக்கு முக்கியப் பேச்சு வேண்டாம். நன்றியுரை குடு.”

எனக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்க நாற்காலி தூக்குகிறவனுக்கு மைக் கிடைப்பது அந்த ஒரு இடத்தில்தான்.

“அது என்னோடது, பவித்ரேட்டா.”

“தெரியும்டா. குட்டிங்க இன்னும் கண்ணே தெறக்கல.”

கொடுத்துத் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வாழ்த்துரை மட்டும் ஒன்பது. ஒருவர் ஆப்பிரிக்கச் சிங்கத்தைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் பெட்ரோல் விலையைப் பற்றி. தலைமை வகித்த பிரேமராஜன் நடைபாதையைப் பற்றிப் பேசினார். முக்கியப் பேச்சாளர் என்று ஒருவர் இல்லாததை யாருமே கவனிக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு பவித்ரன் மைக்கைப் பிடித்தார்.

தொடங்கி வைத்த டாக்டருக்கு நன்றி சொன்னார். அதே மூச்சில், டாக்டர் வீட்டுக்குப் பின்னால் தாய் நீர்நாய் காலையில் கெளுத்தி பிடித்ததைச் சொன்னார். அடுத்த பெயர் வர ஐந்து நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு குட்டிகளைத் தாய் எப்படிக் கழுத்தில் கவ்வித் தூக்கும் என்பது வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டு நீர்நாய். ஒருவரும் அசையவில்லை. ஆறரை மணி பஸ் வந்து ஹாரன் அடித்தது, யாரும் ஏறவில்லை. விஷயம் என்னவென்று பார்க்க வந்த கண்டக்டர், தன் பெயரும் வரலாம் என்று உட்கார்ந்துவிட்டார். வந்தது. புதரை வெட்டினால் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேறு மறைவிடம் இல்லை என்பது கண்டக்டர் பங்குக்கு வந்த துண்டு.

“இனி தலைவர் ஒருத்தர்தான் பாக்கி,” என்றார் பவித்ரன். “அவர் பேரச் சொல்ல எனக்கும் ஆசதான். நாளைக்கு மெஷின் வருதா இல்லையான்னு தெரிஞ்சாத்தானே, எதுக்கு நன்றி சொல்றதுன்னு தெரியும்?”

கூட்டம் பிரேமராஜனைப் பார்த்தது. பதினைந்து வருஷப் பொதுவாழ்வில் அவர் நன்றி வாங்காமல் வீட்டுக்குப் போனதில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“குட்டிங்க நீந்த எத்தன நாளாகும்?”

“ரெண்டு மாசம்.”

“சரி, ரெண்டு மாசம் கழிச்சு வெட்டிக்கலாம். பேரச் சொல்லும்யா.”

இனிஷியல், வீட்டுப் பெயர், வகித்த பதவிகள் எல்லாம் சேர்த்து பவித்ரன் சொன்னார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

நாற்காலி மடக்கும்போதுதான் உறைத்தது. நேராகப் போய்க் கேட்டேன்.

“ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் வந்துச்சு. பஸ் கண்டக்டர் பேரு வந்துச்சு. என் பேர மறந்துட்டீங்களா?”

“மறக்கல,” என்றார் பவித்ரன். “ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் மெஷின் வரும். அப்ப இன்னொரு கூட்டம் போடணும். இன்னைக்கே உன் பேரச் சொல்லிட்டா நீ போடுவியா?”

பத்து வருஷம் ஆகிறது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை தவறாமல் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தாழம்புதர் அப்படியே இருக்கிறது. என் பெயர் இன்னும் வரவில்லை.