செவலைக்காக எடுத்த மொட்டை

போன வாரம் மாமாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. எங்கேயோ ஒரு பெரிய பந்தயத்தில், தோல்வியே தெரியாத ஒரு பெண் குதிரை தோற்றுவிட்டதாம். இனி அதை ஓடவிடமாட்டார்களாம், குட்டி போடப் பண்ணைக்கு அனுப்புகிறார்களாம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டார். குடும்பக் குழுவில் என் தங்கை உடனே அழுகிற பொம்மைகளை வரிசையாகப் போட்டாள். அவளுக்குக் குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது. இடுப்பைத் தாண்டித் தொங்கும் தன் முடியைப் படம் பிடித்துப் போடுவதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், போகட்டும் என்று விட்டுவிடலாம். மாமாவைத்தான் என்னால் விடமுடியவில்லை. பந்தயக் குதிரை என்று யாராவது பேச்செடுத்தாலே என் கை தானாகத் தலைக்குப் போய், முடி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது.

அப்போது நாங்கள் தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். கீழே ஓர் அறை, மேலே ஒரு மரத்தட்டு. அறையில் அம்மா, அப்பா, நான். தட்டில் அம்மாவின் தம்பியான மாமா. அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. ஒரு தடவை அந்தப் பட்டறைக்கு மகாலட்சுமி ரேஸ் மைதானத்தில் குதிரைகள் கட்டியிருக்கும் லாயம் ஒன்றிலிருந்து, குதிரைத் தலையில் மாட்டுகிற தோல் வார்கள் தைத்துத் தரச் சொல்லி ஆர்டர் வந்தது. தைத்ததைக் கொடுத்துவிட்டு வரப் போன மாமாவின் சட்டைக் காலரை அங்கே ஒரு சிவப்புக் குதிரை கவ்வி இழுத்ததாம். அதோடு மனிதர் கெட்டார்.

அந்தக் குதிரைக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் சந்தில் ஒருவர் வாயிலும் அது நுழையாது. ஊரில் சிவப்பு மாட்டைக் கூப்பிடுவதுபோல மாமா அதைச் செவலை என்றார். செவலையும் சும்மா சொல்லக்கூடாது, இறங்கிய பந்தயத்தில் எல்லாம் ஜெயித்துக்கொண்டிருந்தது. பேப்பரில் அதன் படம் வரும். மாமா அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க நடந்து, குதிரையின் மூக்குக்கு மேலே இருக்கும் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, அது தன் தையல் என்பார். அச்சில் குதிரைக்கு எது மூக்கு, எது காது என்பதே தெரியாது. ஆனாலும் எல்லாரும் தலையாட்டிவிட்டுத்தான் தப்பிக்க முடியும்.

இவ்வளவுக்கும் அவர் செவலை மேல் ஒரு பைசா பந்தயம் கட்டியதில்லை. அப்பாவுக்கு ஆகாதது இதுதான். துட்டைக் கட்டிவிட்டுக் குதிரைப் பைத்தியமாக அலைந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு, ஒன்றும் கட்டாமல் அலைகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கத்துவார். "நம்ம புள்ள ஓடுதது மேல யாராவது துட்டு கட்டுவாவளா அத்தான்?" என்று மாமா பதில் கேட்பார். அப்பா விசிறியால் தலையில் அடித்துக்கொள்வார்.

பணம் கட்டாத மாமா என் தலையைக் கட்டினார். அந்தப் பருவத்தின் பெரிய பந்தயத்துக்கு முன்னால், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு, செவலை ஜெயித்தால் மருமகளுக்கு மொட்டை போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். தன் தலைக்கு நேர்ந்துகொள்ள அவரிடம் சரக்கு இல்லை, நெற்றி அப்போதே பின்மண்டையைத் தொட்டிருந்தது. முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமன் மடிதானே என்று, என் தலைக்கே அவர் உரிமைப் பத்திரம் வைத்திருப்பதுபோலப் பேசினார். டீக்கடை அண்ணாச்சி கை தட்டினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவில் எங்கள் வகுப்புக்கு மராட்டி லாவணி ஆட்டம். ஒன்பது கஜப் புடவை, மூக்கில் முத்து வளையம், பின்னால் பெரிய கொண்டை, கொண்டையைச் சுற்றிப் பூ. சவுரி வைத்தால் ஆடும்போது கழன்று விழும் என்பதால், சொந்த முடியில் கொண்டை போட முடிந்தவர்கள் முன்வரிசை என்று டீச்சர் சொல்லிவிட்டார். என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "து புடே" என்று என்னை முன்னால் இழுத்து நிறுத்தினார். மராட்டிப் பெண்களைத் தாண்டி முன்வரிசையில், அதுவும் நடுவில். சுனாபட்டியில் இருந்த பெரியம்மா வீடு வரை போய் நான் அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் முடி எனக்கு அந்த வருடம் உயிர்.

அதனால் பந்தய நாளன்று காலையிலிருந்து நான் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். செவலைக்குக் கால் ஒடிய வேண்டாம், வலிக்க வேண்டாம், இரண்டாவதாக வந்தால் போதும் என்றுதான் கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் மாமா சந்து முனையிலிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. சாமி நான் கேட்டதைவிடத் தாராளமாகவே கொடுத்திருந்தது, செவலை மூன்றாவது. நான் வாசலில் நின்று லாவணியை முதலிலிருந்து கடைசி வரை ஆடினேன். அன்றைக்கு அந்தச் சந்திலேயே சந்தோஷமாக இருந்தது நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் நடந்த விசாரணை இருக்கிறதே, கொலை வழக்குகூட அவ்வளவு நாள் நடந்திருக்காது. எங்கள் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாக்கடை அகலம்தான், அதனால் காதைப் பொத்தினாலும் கேட்கும். பட்டறையின் கட்டிங் மாஸ்டர் எல்லாப் பழியையும் ஜாக்கி தலையில் போட்டார். "ஜாக்கி ஏக்தம் பேகார் அண்ணாச்சி, ஒண்ணுக்கும் ஆவாதவன். கடேசி வளைவுல தூங்கிட்டாம்லா, பாத்தேம்லா." அண்ணாச்சி பந்தயம் கட்டியவர், அவருக்கு வேறு கோபம். குதிரைக்குத் தின்று கொழுப்பு ஏறிவிட்டது, இனி அது வண்டி இழுக்கத்தான் லாயக்கு என்று, ஒன்றரை வருடமாகச் சாமி என்று கும்பிட்ட மிருகத்தை வாயில் வந்தபடி ஏசினார். மாமா மட்டும் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் கண் பட்டதோ என்று எப்போதாவது சொல்லுவார். சொல்லும்போது என்னை ஏன் பார்க்கிறார் என்று எனக்கு எரியும்.

பிறகு ஒரு நாள் பேப்பரில் செய்தி வந்தது. செவலை இனி ஓடாது, பூனாவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்குக் குட்டி போட அனுப்பிவிட்டார்கள். உடனே பெஞ்சில் எல்லாம் தலைகீழ். முந்தின நாள் வரை ஏசிய அண்ணாச்சி தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஓடுத காலக் கெட்டிப் போட்டுட்டானுவளே, பாவியோ. இன்னும் ரெண்டு வருசம் ஓடிருக்குமே!" என்றார். மாஸ்டர் அதற்குள் தேறிக்கொண்டு, செவலைக்குப் பிறக்கப்போகிற குட்டிக்கு அப்பா எந்தக் குதிரையாக இருக்கவேண்டும் என்று நிச்சயதார்த்தமே நடத்தத் தொடங்கிவிட்டார். குட்டி எத்தனை பந்தயம் ஜெயிக்கும், ஆணா பெண்ணா, அடுத்த வருடமே வந்துவிடுமா என்று பேச்சு போனது.

அம்மா உள்ளே பாயில் படுத்திருந்தாள். அந்த நாட்களில் அவள் எப்போது பார்த்தாலும் படுத்துத்தான் இருந்தாள். குழாயில் தண்ணீர் பிடிப்பது மாமா, குடத்தைத் தூக்கி வைப்பது அப்பா. பி.பி. பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சயான் ஆஸ்பத்திரிக்கு வேறு போய்வந்தாள். அம்மாவுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்படிப்பட்டவள் அன்றைக்குத் திடீரென்று எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஒரு தடவ தோத்துட்டாம், ஒடனே குட்டி போடுன்னு அனுப்பிட்டாவளாம். குட்டி என்ன, நீங்க நெனச்ச ஒடனே வந்துருமா? வந்தாலும் தங்கணும்லா? வாய மூடிட்டு டீயக் குடிங்க!"

பெஞ்சு வாயை மூடியது. அண்ணாச்சி கடை அடுப்பைக் கிளறப் போய்விட்டார். ஒரு குதிரைக்காக அம்மா இவ்வளவு கோபப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை. மாமாவின் பைத்தியம் அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதான் பயமாக இருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மாமா என் தலையில் குண்டைப் போட்டார். செவலைக்குக் குட்டி நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று இசக்கியம்மனுக்கு எனக்கு மொட்டை நேர்ந்திருக்கிறாராம். வருகிற செவ்வாய்க்கிழமையே போட்டுவிட வேண்டுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. ஜெயித்தால்தானே மொட்டை, தோற்றாகிவிட்டதே, ஆட்டம் முடிந்த பிறகு சட்டத்தை மாற்றுவது என்ன நியாயம் என்று கேட்டேன். அது வேற நேர்ச்சை, இது வேற நேர்ச்சை என்றார். ஆண்டு விழாவைச் சொன்னேன். முன்வரிசையைச் சொன்னேன். குதிரைக் குட்டிக்கு வேண்டுமானால் குதிரையின் பிடரியை மழிக்கட்டும் என்றேன். மாமா அப்பாவைப் பார்த்தார்.

எனக்கு அப்பா மேல் மலை போல நம்பிக்கை இருந்தது. மாமாவும் குதிரையும் என்றாலே எரிந்து விழுகிறவர், இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு எப்போது கிடைக்கப்போகிறது? அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா சொல்லுதத கேளு" என்றார். அம்மா பக்கம் திரும்பினேன். சீப்பில் நாலு முடி கூடுதலாக வந்தாலே என்னைத் திட்டுகிறவள் அவள். ஞாயிறு தவறாமல் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, அந்தப் பின்னலை வளர்த்தவளே அவள்தான். "போட்டுக்கோட்டி. முடிதான, வளந்துட்டுப் போவுது" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பைத்தியம் முழுக் குடும்பத்துக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போது உறுதியாகத் தெரிந்தது.

ரயில் பாதைப் பக்கம் ஊர்க்காரர்கள் கட்டிய சின்ன இசக்கியம்மன் கோயில் ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அங்கே, நாலாம் வகுப்புப் படிக்கிற தடிச்சி நான், கைக்குழந்தை மாதிரி மாமா மடியில் உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்ததும், பின்னல் அப்படியே தரையில் விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் பாதையில் போன ரயில் சத்தம்கூடக் கேட்கவில்லை. மாமா என் நெற்றியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மனைக் கூப்பிட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். குதிரைக்கு இவ்வளவு பக்தியா என்று அந்த நிலையிலும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

சந்தனம் பூசி முடிந்ததும் மாமா சட்டைப் பைக்குள்ளிருந்து உள்ளங்கை அளவில் ஒரு மரத்தொட்டிலை எடுத்து, கோயில் வேப்பமரத்துக் கொப்பில் கட்டினார்.

"குதுரக்குட்டிக்கு எதுக்குத் தொட்டிலு?" என்று கேட்டேன்.

மாமா கொப்பில் போட்ட முடிச்சை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "பம்பாய்க் குதுரல்லா மருமவளே. தொட்டில்ல போட்டு ஆட்டுனாத்தான் ஒறங்கும்" என்றார்.

நான் அதை நம்பியதுமல்லாமல் பள்ளியிலும் போய்ச் சொன்னேன். மொட்டைக்காக ஒரு வாரம் சிரித்து ஓயப்போன வகுப்பு, தொட்டிலில் தூங்கும் குதிரைக்காக மறுபடியும் முதலிலிருந்து சிரித்தது. டீச்சர் என் தலையைப் பார்த்துத் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்வரிசை போனது. என் மொட்டையின் மேல் ஆரஞ்சு நிறத் தலைப்பாகையைக் கவிழ்த்து, ஒட்டு மீசை ஒட்டி, மேடை ஓரத்தில் டோல்கி மத்தளம் வாசிக்கிறவனாக உட்கார்த்திவிட்டார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. விசேஷ வீடுகளில் எல்லாம் மாமா அதைப் போனில் எடுத்துக் காட்டுவார்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு வயிறு தெரிந்தது. அதைக்கூட எனக்கு வீட்டில் யாரும் சொல்லவில்லை, டீக்கடை அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். அதையும் என் மொட்டையையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயின என்றும், அதனால் மூன்றாவது நிலைக்கிற வரை அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவே வீட்டில் பயந்தார்கள் என்றும் பெரியவளான பிறகு அம்மா சொன்னாள். இசக்கியம்மனிடம் யாரும் குதிரைக்காகப் போவதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் போவார்கள், தொட்டில் கட்டுவார்கள். இது ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமாம். தாராவியில் பிறந்த எனக்கு எங்கே தெரியும்?

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அம்மாவைச் சேர்த்திருந்த சயான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தோம். ரயில் ஓடவில்லை, பெரியம்மா சுனாபட்டியிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்திருந்தாள். மாமா படியில் இறங்கி வந்தார். நனைந்த சட்டை, சிவந்த கண். நான் முந்திக்கொண்டு கேட்டேன், "என்ன, செவலைக்கு எதும் ஆயிட்டோ?"

மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"குட்டி போட்டுட்டு மருமவளே. பொட்டக்குட்டி. தாயும் புள்ளையும் சொகமா இருக்கு" என்றார்.

குதிரைக்குப் பதினோரு மாதம் என்று பின்னால் எங்கோ படித்தேன். செவலை அவ்வளவு அவசரக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. மாடியில் அம்மா வலியில் கிடக்கிறாள், இந்த மனிதர் பூனாவில் குட்டி போட்ட குதிரைக்காகக் கண்ணீர் விடுகிறார். முடி அப்போதுதான் வளர்ந்து என் காதைத் தொட்டிருந்தது. மாமா ஈரக் கையை நீட்டி அதைத் தடவ வந்தார். கையைத் தட்டிவிட்டு நான் பெரியம்மாவின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.