பத்து மணிக்கு வந்தவன்

என் மனைவியின் அண்ணனுக்கு நான் நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வெல்டிங் கற்று, சொந்தப் பட்டறை போட்டு, இரண்டு மாடி எழுப்பியவன் நான். இந்தத் தெருவில் பாதி ஜன்னல் கம்பி என் கைவேலை. வாழ்க்கையில் கைநீட்டி வாங்கியது அது ஒன்றுதான், மொட்டை மாடியில் புறாக்கூண்டு கட்ட. மச்சான் எங்கே பார்த்தாலும் நாலு பேர் முன்னால் கேட்பார்: "என்ன மாப்ள, என் புறாவெல்லாம் சௌக்கியமா?"

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி இன்ஜினீயர் வந்தான். புறாவின் தலைக்குள் கம்பி வைத்து, நெஞ்சில் கேமரா பொருத்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பொத்தானை அழுத்தி அதை வேண்டிய பக்கம் திருப்புவார்களாம். "புறாவை யாரு சந்தேகப்படப் போறாங்க ஐயா?" என்றான். என் பந்தயப் புறாவுக்கு நாற்பதாயிரம் தந்தான்.

நேரம் தவறாதவன் என்பதால் அந்தப் புறாவுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர். காலை பத்துக்குப் பெட்டையை எழுப்பிவிட்டு முட்டைமேல் உட்காருவான். அடைகாக்கிற ஆணைப் பிரிக்கக் கூடாது என்பது புறா வளர்க்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விற்றேன்.

அன்றே மச்சானின் டயர் கடைக்குப் போய்ப் பணக்கட்டை மேஜையில் போட்டேன். "எண்ணிப் பாத்துக்குங்க!" எண்ணாமலே உள்ளே வைத்துப் பூட்டினார்.

பன்னிரண்டாம் நாள், பத்து மணி. மாஸ்டர் வந்து இறங்கினான். உச்சந்தலையில் மொட்டை, நடுவே ஒரு கம்பி முனை. நேரே போய் முட்டைமேல் உட்கார்ந்தான். கழுத்து மட்டும் இடப்பக்கம் வெட்டிவெட்டி இழுத்தது. எங்கேயோ எவனோ பொத்தானை அழுத்துகிறான். எழவில்லை மாஸ்டர்.

போன் அடித்தது. இன்ஜினீயர்தான். "ஐயா, பறவை உங்க மாடியிலதான இருக்கு? பனியனைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

துணி காயப்போட வந்த என் மனைவி, அது காதில் விழவும் வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினாள். "இனிமே காக்கா வந்தாலும் கதவைச் சாத்தணுமாக்கும்! நல்லா வித்தீங்க!"

"இது சொன்ன பேச்சு கேக்காது. கருவியைப் பிரிச்சு எடுத்துக்கறோம்," என்றான் இன்ஜினீயர் போனில்.

"எடுத்தா?"

"பறவை பிழைக்காது. வேணும்னா அஞ்சு மணிக்குள்ள பணத்தைத் திருப்பிக் குடுங்க, இங்கேருந்தே அணைச்சுடறோம்."

பட்டறைக்குப் போனேன், கம்பி பற்றவில்லை. மாடிக்கு வந்தேன், கழுத்து இழுத்துக்கொண்டிருந்தது. மறுபடி இறங்கினேன். எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ! கையில் இருந்தது ஆறாயிரம். வேறு யாரிடம் கேட்பது? மூன்றரைக்கு டயர் கடையில் நின்றேன்.

"என்ன மாப்ள, என் புறாவெல்லாம் சௌக்கியமா?"

"இல்ல மச்சான். ஒண்ணு சாகக் கெடக்குது. அந்தப் பணம் வேணும்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்தார். நான் போட்ட ரப்பர் வளையம் அப்படியே இருந்தது.

"கையை நீட்டு," என்றார்.

நீட்டினேன். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார்.