மோட்டர் இல்லாத பொடியும் மோட்டர் இல்லாத லென்ஸும்

இத எழுதாமலே விட்டிருப்பன். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவன் நான். ஆனா ஸ்டூடியோக்கு புதுசா வேலைக்கு வந்த ரெண்டு பேர் "எந்த லென்ஸ எதுல போடுற?" எண்டு தினமும் என்ட உயிர எடுக்கிறாங்க. இந்தா, வாசிச்சிட்டு சும்மா இருங்க.

அப்ப யுத்தம் முடிஞ்சு ரெண்டு மூணு வருஷம். முதலாளிய எல்லாரும் நானா எண்டுதான் கூப்பிடுற, அண்ணன் எண்ட மாதிரி. அவர்ட்ட ரெண்டு கமரா. லென்ஸ கழட்டினா மிச்சம் இருக்கிறதுதான் பொடி. பெரிய கமராட பொடிக்குள்ளயே ஃபோக்கஸ் மோட்டர் இருக்கு, எஞ்சின் உள்ளுக்கே பூட்டின வள்ளம் மாதிரி. சின்னதில இல்ல. அதுக்கு மோட்டர் உள்ள லென்ஸ்தான் போடணும். அது வள்ளத்துக்கு வெளிய கொழுவுற அவுட்போட் எஞ்சின் மாதிரி, தானே எஞ்சினக் கொண்டு வரும்.

எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாது.

நானா பெரிய கமராவோட பாலாவிக்கு ஒரு நிக்காஹ் கலியாணத்துக்கு போனார். கல்பிட்டிப் பக்கம் ஒரு சேர்ச் கலியாணத்தயும் சின்னக் கமராவயும் என்னட்ட தந்தார். "சரியா எடுத்தா இனி நீ தனிய போகலாம். பிழை விட்டா கடைப்பக்கம் வராத." நான் பெரிய ஆள் மாதிரி மோட்டர் உள்ள சாதாரண லென்ஸ கடையில வச்சிட்டு, நானாட பழைய ஐம்பது எம்எம் லென்ஸத் தூக்கிட்டு போனன். அதுல பின்பக்கம் மங்கலா, வடிவா விழும்.

பொண்ணு உள்ள வாறா. பட்டன அமத்துறன். லென்ஸ் அசையல்ல. முகமெல்லாம் கரைச்ச மா மாதிரி.

"கமரா நித்திரையா மச்சான்?" எண்டான் லைட் பிடிக்கிற றொசான்.

"வாய மூடிட்டு லைட்டப் பிடி."

லென்ஸ கழட்டிப் பாத்தன். பின்பக்கம் ஸ்க்ரூ ஆணித் தலையில இருக்கிற மாதிரி ஒரு வெட்டு. அதத் திருப்ப பெரிய பொடியில ஒரு குட்டி ஆணி நீட்டிட்டு இருக்கும். சின்னதில ஒண்டுமில்ல.

பொண்ணுட அப்பா கிட்ட வந்தார். "தம்பி, மோதிரம் மாத்துறது வடிவா வரணும். மாப்பிள்ளை நாளைக்கு கட்டார் போறார். இவள் ரெண்டு வருஷம் படத்தத்தான் பாத்திட்டு இருக்கணும்."



வேற வழியில்லாம லென்ஸ் வளையத்த கையால திருப்பினன். கண் வைக்கிற இடத்தில, கீழ ஒரு பச்சைப் புள்ளி பத்திச்சு. இன்னும் கொஞ்சம் திருப்பினா அணைஞ்சுது. அட, ஃபோக்கஸ் விழுந்தாத்தான் இது பத்துது. கொஞ்சம் முன்னப் பின்ன போனாலும் தெளிவா விழட்டும் எண்டு எஃப் நம்பர அஞ்சு தசம் ஆறுக்கு கூட்டி, ஃபிளாஷப் போட்டன். பாதர் மோதிரத்த மந்திரிக்கிற நேரமெல்லாம் நான் வளையத்தத் திருப்பிட்டுத்தான் நிண்டன்.

மத்தநாள் நானா கொம்பியூட்டரில பெருசாக்கிப் பாத்தார். மோதிரம், விரல், பொண்ணுட கண் மயிர் கூட தெளிவு. "நல்லா ஈக்கி" எண்டார், நல்லா இருக்கு எண்டத அவர் அப்பிடித்தான் சொல்லுவார். அப்பதான் எனக்கு மூச்சு வந்திச்சு. அடுத்த கலியாணத்துக்கும் என்னையே அனுப்பினார். பேக்கில சாதாரண லென்ஸ அவரே எடுத்து வச்சார்.

அதால, பேக்கக் கட்ட முதல் மோட்டர் எங்க இருக்கு, பொடியிலயா லென்ஸ்லயா எண்டு பாருங்க. ரெண்டுலயும் இல்லாட்டி பச்சைப் புள்ளியப் பாருங்க. நானாக்கு இந்தக் கதை இண்டைக்கும் தெரியாது. யாராவது போய்ச் சொன்னா இருக்கு.

எழுதினத றொசானுக்கு அனுப்பினன். அவன்ட பதில்: "அண்டைக்குப் பின்னேரமே நானாட்ட எல்லாத்தையும் சொல்லிட்டன் மச்சான், அது உனக்குத் தெரியக் கூடாதெண்டு சொன்னதே அவர்தான்."