கடைசி மூன்று படங்கள்

மலையூரான தானா ராத்தாவில் இருந்த புகைப்படக் கடையை மூடியபோது, அங்கே வேலை பார்த்த யுவனேஸ்வரிக்குப் பழைய கேமரா ஒன்றும் ஃபிலிம் கழுவும் தொட்டியும் கிடைத்தன. இப்போது அவளுக்குத் தேயிலை ஃபெக்டரியில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. கணவன் புவனேஸ்வரன் காய்கறி லோரி ஓட்டுகிறான். தோட்டத்து லயத்தில் வரிசை வீடொன்றில் குடியிருப்பு. கைப்பேசி இல்லாதவர் யாருமில்லாத அந்த லயத்தில், கறுப்பு வெள்ளைப் படம் வேண்டுமென்றால் எல்லாரும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

கடையில் விற்கிற ரோல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நூறு அடி ஃபிலிம் ஒரே சுருளாக வரும் டின்னை வரவழைத்து, தானே ரோல் சுற்றக் கற்றுக்கொண்டாள். கைப்பிடி வைத்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் பெரிய சுருள் இருக்கும். வெளியே நீட்டும் அதன் நுனியைக் காலி டப்பியின் அச்சில் டேப் போட்டு ஒட்டி, மூடியை மூடிக் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு ரோல் தயார். பாதி விலைகூட ஆகாது. ஒரே ஒரு தொல்லை உண்டு. டேப் ஒட்டும்போது அந்த நுனி வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடும். படம் எடுக்கையில் அந்த நுனிதான் கடைசியாக வரும். அதனால் எத்தனை சுற்று சுற்றினோம் என்று டப்பியின் மேல் எழுதி வைத்து, முடிவு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுவாள்.

கோயில் திருவிழாவன்று அவசரத்தில் கையில் அகப்பட்ட ரோலில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. டின் தீரும் நேரத்தில் மிச்சமிருந்ததைச் சுற்றி எடுத்தது அது.

மறுநாளும் அதே ரோல்தான் கேமராவில். பக்கத்து வீட்டுச் செல்லம் பெரியம்மா புதுச்சேலையில் படத்துக்கு வாசலில் நின்றாள். மூத்த மகன் வீரப்பன் லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் பார்க்கிறவன். அம்மாவின் பக்கத்தில் நின்றான். இளையவன் மகேன், ஊருக்குத் திரும்பப் பையைக் காடியின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். அப்பாவின் சாவுக்கு மகேன் ஜொகூரிலிருந்து வந்து சேரவில்லை. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. திருவிழாவுக்கு வந்த இடத்திலும் ஒருவன் உள்ளே வந்தால் மற்றவன் வெளியே போனான்.

செல்லம் பெரியம்மா காடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். யுவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

"மகேன் தம்பி! இங்க வாங்க லா. ரோல்ல இன்னும் மூணு படம்தான் இருக்கு. ஃபிலிம் விக்கிற விலைக்கு வீணாக்க முடியாது. சீக்கிரம்!"

சும்மா சொன்ன பொய். ஆனால் அதட்டிய அதட்டலில் மகேன் வந்துவிட்டான். செல்லம் பெரியம்மா சட்டென்று இரண்டு பேர் கையையும் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கைப்பேசியை எடுக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. யுவனேஸ்வரி ஒன்று எடுத்தாள். பெரியம்மா நிமிர்ந்து சிரித்தபோது இரண்டாவது, மூன்றாவது. நான்காவதற்கு, ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுத்தாள். அது பாதியில் நின்றுவிட்டது.

ஃபிலிம் முடிந்துவிட்டது.

மகேனின் காடி வளைவில் மறைந்தது. வீரப்பனும் மோட்டாரில் ஏறிப் போய்விட்டான். அந்த மூன்று படங்களும் கெட்டுப்போகும் நுனியில்தான் விழுந்திருக்கும் என்று யுவனேஸ்வரிக்குத் தெரியும். எந்த இடத்திலிருந்து கெட்டிருக்கும் என்பதுதான் தெரியாது.

ரோலைக் கழுவவே அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஃபெக்டரியில் தூள் பொட்டலத்தை இரண்டு முறை ஒட்டினாள். வீட்டில் சோற்றைக் குழையவிட்டாள். துணி காயப்போடும் இடத்தில் செல்லம் பெரியம்மா எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படம் வந்துருச்சா, யுவனா?"

"படம் கழுவுற மருந்து வரலை பெரியம்மா."

"அவசரம் இல்லம்மா. சாமி மாடத்துக்குக் கீழ இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்."

அதைக் கேட்டபின் இன்னும் மோசமாகிவிட்டது. புவனேஸ்வரன் ஒருநாள் சொல்லியே விட்டான். "கழுவாம வெச்சிருந்தா மட்டும் நல்லா வந்துருமா? கெட்டிருந்தா கெட்டிருச்சுன்னு சொல்லிடு."

"என்னன்னு சொல்லுவேன்? இன்னொரு தடவ ரெண்டு பேரையும் கூட்டியாங்கன்னா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மலைத்தண்ணீர் மருந்துக்கு ஆகாத அளவு குளிர்ந்திருந்தது. சுடுதண்ணீர் கலந்து கலந்து சரி செய்தாள். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கையை விட்டு ஃபிலிமைத் தொட்டியின் சக்கரத்தில் சுற்றும்போது, சுற்று இரண்டு முறை தடம் மாறியது. தொட்டியைக் குலுக்கி, மருந்தைக் கொட்டி, கழுவி, ஈர ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தாள். கோயில் தேர், பால்குடம், பிள்ளைகள். கடைசிப் படங்களுக்குக் கண்ணை இறக்கினாள்.

பெரியம்மா சிரித்த இரண்டு படமும் போய்விட்டன. கரிக்கட்டை மாதிரி கறுத்துக் கிடந்தன.

அதற்கு முந்தையது பிழைத்திருந்தது. ஓரத்தில் மகேனின் தோள் வரை கெட்டிருந்தது, முகம் தப்பித்திருந்தது. இரண்டு மகன்களும் நேராகப் பார்த்தார்கள். நடுவில் பெரியம்மா தலையைக் குனிந்து, தான் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் இல்லை, வகிடும் கொண்டையும்தான்.

பிரிஞ்சாங் கடையில் பிரதி போட்டு எடுத்துக்கொண்டு போனாள். பொய் சொல்லவில்லை. "நீங்க சிரிச்சது ரெண்டும் வீணாப்போச்சு பெரியம்மா. காசு மிச்சம் பண்றேன்னு நான் சுத்துன ரோலு. எம்மேலதான் தப்பு."

செல்லம் பெரியம்மா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எம்மூஞ்சி எதுக்குடி? கண்ணாடில தெனம் பாக்குறேன். இதுங்க ரெண்டும் ஒண்ணா நிக்கிதுங்க பாரு."

அந்த வாரமே வீரப்பன் தூறலில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து தனக்கும் ஒன்று கேட்டான். வாங்கிப் பார்த்தவன் முகம் சுளித்தான்.

"அம்மா முகம் தெரியலையே."

"நாந்தாண்ணே கெடுத்துட்டேன்."

அவன் படத்தை மழைச்சட்டைக்குள் செருகினான். மோட்டாரில் ஏறி, கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். "தீபாவளிக்குத் தம்பி வருவானான்னு அம்மாவ விட்டுக் கேக்கச் சொல்லிருக்கேன். வந்தா கூப்புடுறேன். அன்னிக்கி நல்ல ரோலா போட்டு வையி."

"வருவாரா அண்ணே?"

"தெரியல லா," என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.